மூக்குக் குழாயோடு ஒரு வேட்பாளர்

வேட்புமனு கொடுக்கப் போன அன்றே ஸ்வர்ணலதாவுக்குக் காய்ச்சல் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பெட்டிக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, தறியிலிருந்து எழுந்த கையோடு ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். தொண்ணூற்றாறாம் வருஷம் அது. பத்து வருஷமாக நடக்காமல் கிடந்த உள்ளாட்சித் தேர்தல் நடக்கப்போகிறது, அதிலும் பெண்களுக்கென்று வார்டுகள் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற பேச்சு எல்லா ஊரிலும் ஓடிக்கொண்டிருந்தது. ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டைத் தாண்டிப் போகும் சாலையில், பகலெல்லாம் தறிச் சத்தம் கேட்கும் ஒரு சிற்றூர் அவளுடையது. அவள் தெரு அடங்கிய வார்டும் பெண்களுக்கு வந்திருந்தது.

அவளுக்குப் பெரிய அரசியல் எதுவும் கிடையாது. குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் புதைந்து போகிறது, எங்கேயோ உடைந்திருக்கிறது, காலையில் முதலில் பிடிக்கிற குடங்கள் நாறுகின்றன, அதை மாற்ற வேண்டும். இதை அவள் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜெயம்தான், "சொல்லிகினே இருந்தா ஆச்சா, நீயே நில்லு" என்று கிளப்பிவிட்டவள். எதிர்த்து நின்றது முனியம்மா. ஊரில் பாதித் தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து வேலை வாங்கும் மணவாளனின் மனைவி. ஸ்வர்ணலதாவின் கணவன் குமரேசனுக்கும் அங்கிருந்துதான் வேலை. "வாபஸ் வாங்கிடு சொர்ணா, எதுக்கு வம்பு" என்று அவன் தினமும் ஒரு தடவை முனகுவான். அவள் காதில் வாங்கமாட்டாள்.

காய்ச்சல் விடவில்லை. காய்ச்சல்காரிக்குக் கெட்டியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று கஞ்சித் தண்ணியும் பொறை ரொட்டியுமாகவே நாட்கள் போயின. அதோடு அவள் வீடு வீடாக ஓட்டுக் கேட்டுப் போனாள். புடவைக் கொசுவம் இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஒருநாள் காலை, குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்து, வியர்த்துக் கொட்டியது. ஜெயமும் குமரேசனும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆரணிக்கு ஓடினார்கள்.

ஜெயசந்திரன் டாக்டர் ஆரணியில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று வைத்திருந்தார். தேசூர்ப் பக்கத்து நயினார் வீட்டுப் பிள்ளை, சமணர். நறுக்கென்று பேசுவார், ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போகமாட்டார். வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும், "டைபாய்டு. குடல்ல ஓட்டை விழுந்திருக்கு. இப்பவே திறக்கணும்" என்றார். குமரேசன் கைநாட்டு வைப்பதா கையெழுத்துப் போடுவதா என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். இத்தனைக்கும் எட்டாவது வரை படித்தவன் அவன்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. ஓட்டையை அடைத்து, வயிற்றைக் கழுவி, தைத்துவிட்டார்கள். வாபஸ் வாங்கும் கடைசி நாள் அன்றுதான் என்பது குமரேசனுக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

ஆனால் அதற்கப்புறம் நடந்ததுதான் டாக்டருக்குக் கவலையைக் கொடுத்தது. காய்ச்சல் இறங்கியது, குடல் வேலை செய்யத் தொடங்கியது, எல்லாம் சரி. அவள்தான் சாப்பிடவில்லை. இட்லியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு வாரம் ஆவதற்குள் வயிற்றுத் தையலின் நடுப்பாகம் பிரிந்து வாய் திறந்தது. உள்ளே சதை வெளிறிக் கிடந்தது. கட்டைப் பிரித்த நர்ஸ் கிருஷ்ணம்மாள் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். டாக்டர் குமரேசனை வெளியே கூப்பிட்டார்.

"காய்ச்சல்ல இருந்தப்ப இன்னா சாப்பிட்டாங்க?"

"கஞ்சித் தண்ணி சார். பொறை. காய்ச்சல்ல வேற இன்னாத்தக் குடுக்கறது?"

"எல்லாரும் இதான் பண்றீங்க. காய்ச்சல் உடம்ப எரிக்குது, நீங்க அதுக்கு மேல பட்டினி போடறீங்க." டாக்டர் அவன் விரல்களைப் பார்த்தார். "நீங்க நெசவுதானே. தறி ஓடுது, பாவு இருக்குது, ஊடைக்கு நூல் இல்ல. துணி வருமா?"

"வராது சார்."

"அதான் உங்க வீட்டுக்காரம்மா வயித்துல நடக்குது. தையல் போடறது என் வேல. ஒட்டறது உடம்போட வேல. ஒட்டறதுக்கு உள்ள புரதம் வேணும். அவங்க கிட்ட அது சுத்தமா இல்ல."

அதுவரை வந்தவர்களெல்லாம் ஆசையாகத்தான் வாங்கிவந்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில் பன்னும் ஆப்பிளும் குளுக்கோஸ் பாக்கெட்டுமாகக் குவிந்திருந்தன. டாக்டர் குளுக்கோஸ் பாக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "இது வெறும் சர்க்கர. தெம்பு மாதிரி தெரியும், புண்ணு ஆறாது." முட்டை கொடுக்கச் சொன்னார். புரோட்டீன் பவுடர் டப்பா ஒன்றின் பேரைச் சொல்லி, பெரிய மருந்துக் கடையில் கிடைக்கும் என்றார்.

"சார் நீங்க முட்ட சாப்பிட மாட்டீங்கன்னு சொன்னாங்க" என்றாள் ஸ்வர்ணலதா கட்டிலில் இருந்தபடியே. குரல் மெலிந்திருந்தாலும் வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"நான் சாப்பிட மாட்டேன். என் வயிறு பிரியல. நீ சாப்பிடணும்" என்றார் அவர்.

பவுடர் டப்பா வந்தது. பாலில் கலக்கிக் கொடுத்தார்கள். மாவு மாதிரி கட்டி கட்டியாக, மருந்தும் இனிப்பும் கலந்த ஒரு வாடையோடு தொண்டையில் ஒட்டியது. மூன்று மடக்கு உள்ளே போனதும் வந்த வழியே வெளியே வந்துவிட்டது. முட்டை வாசனை பட்டதும் அதுவும் அப்படியே. மறுநாளும் அதே கதை. டாக்டர் எடை பார்க்கச் சொன்னார். கிருஷ்ணம்மாள் தாங்கிப் பிடிக்க அவள் மெஷினில் ஏறி நின்றாள். முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு ஜெயம் வாயைப் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளையின் எடைதான் இருந்தது.

அன்று மத்தியானம் குமரேசன் ஊரிலிருந்து திரும்பி வந்தான். சின்னம் ஒதுக்கி நாளாகியிருந்தது, அவன் அன்றுதான் போய் விசாரித்திருந்தான். ஆனால் என்ன சின்னம் என்று கேட்டால் அவன் ஜன்னலைப் பார்த்தான், பிளாஸ்கைத் திறந்து மூடினான்.

"இன்னா சின்னம், சொல்லேன்" என்றாள் ஸ்வர்ணலதா.

"முனியம்மாக்காவுக்கு பூட்டு."

"எனக்கு?"

"கட்டில்" என்றான் அவன், மெல்ல.

ஸ்வர்ணலதா தான் படுத்திருந்த இரும்புக் கட்டிலைப் பார்த்தாள், அதன் வெள்ளைப் பெயின்ட் உரிந்த காலைப் பார்த்தாள், பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சிரித்தால் வயிறு இழுத்தது. இரண்டு கையாலும் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம் டாக்டர் வந்து கட்டிலின் ஓரத்தில் நின்றார். "வாய் வழியா நீ வேணும்கிற அளவுக்கு எடுத்துக்கல. நாள் போகப் போகப் புண்ணு பெருசாகும். மூக்கு வழியா வயித்துக்கு மெல்லிசா ஒரு குழாய் விடறேன். அதுல பவுடரக் கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா ஊத்தலாம். உனக்கு ருசியும் தெரியாது, வாடையும் தெரியாது."

குமரேசன் பதறிவிட்டான். "வேணாம் சார். மூக்குல டியூப் போட்டாங்கன்னா ஊர்ல கத முடிஞ்சதுன்னு அர்த்தம். எங்க மாமாவுக்குப் போட்டாங்க, மறுநாள் ஆள் இல்ல. யாராவது வந்து பாத்தா அவ்ளோதான், ஒரு ஓட்டு விழாது."

ஓட்டைப் பற்றி அவன் கவலைப்பட்டது அதுதான் முதல் தடவை. ஸ்வர்ணலதா அவனை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"குழாய் போட்டா புண்ணு ஆறுமா சார்?" என்று டாக்டரைக் கேட்டாள்.

"சத்து உள்ள போச்சுன்னா ஆறும். நான் எத்தனையோ பேருக்குப் பாத்திருக்கேன்."

"எலெக்‌ஷனுக்குள்ள நடக்க முடியுமா?"

"அத நான் இப்ப சொல்ல முடியாது. போடலன்னா நடக்க முடியாது. அது மட்டும் சொல்ல முடியும்."

"பேச முடியுமா, குழாய் இருந்தா?"

"பேசலாம். தொண்டை கொஞ்சம் உறுத்தும்."

"அப்ப போடுங்க. மூக்குல டியூப் இருந்தா இன்னா, வாய் சும்மாதானே இருக்கும்" என்றாள் அவள்.

குழாய் போடும்போது குமட்டி, கண் சிவந்து, கிருஷ்ணம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "முழுங்கும்மா, முழுங்கு, தண்ணி குடிக்கிற மாதிரி முழுங்கு" என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். உள்ளே போய்விட்டது. கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டினார்கள்.

பவுடரைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைத்து, கட்டி இல்லாமல் மல் துணியில் வடிகட்டி, உள்தண்டை உருவிவிட்டுக் குழாய் முனையில் செருகிய பெரிய சிரிஞ்சில் ஊற்றிப் பிடிக்க வேண்டும். அது தானாக இறங்கும். கிருஷ்ணம்மாள் முதல் தடவை செய்துகாட்டிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார். குமரேசனுக்கு ஒரே வேகம். புண் ஆற இதுதான் வேண்டும் என்றால் எதற்குச் சொட்டுச் சொட்டாக? அடுத்த வேளை சிரிஞ்சை உயரத் தூக்கிப் பிடித்து, ஒன்று இறங்கியதும் அடுத்தது என்று மடமடவென்று ஊற்றிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டு முறுக்கியது. பிறகு பேதி. அன்று பகல் முழுதும் பாடாய்ப் பட்டாள்.

டாக்டர் கோபத்தில் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தன நாளா காய்ஞ்ச வயிறு. ஒரேடியா கொட்டினா உடம்பு தாங்குமா? இதயம் வரைக்கும் பாதிக்கும், தெரியுமா? இன்னிக்கு இவ்வளவு, நாளைக்கு இன்னும் கொஞ்சம். ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாத்துத்தான் அளவ ஏத்தணும். நீங்க ஜல்தி காட்டினா நான் குழாயை எடுத்துடுவேன்."

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கப்புறம் அவன் செய்த வேலையைப் பார்த்தால் வேறு ஆளோ என்று தோன்றும். ஸ்வர்ணலதாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைப்பான். சிரிஞ்சை அவள் தோளுக்குச் சற்று மேலே பிடிப்பான். பால் நிறத்தில் அது மெல்ல மெல்ல இறங்குவதை இமைக்காமல் பார்ப்பான். முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவான். இழை அறுந்தால் தேடிப் பிடித்து முடிச்சுப் போடுகிற விரல்கள். அவசரம் போனதும் அந்த வேலை அந்தக் கைக்கு நன்றாக வந்தது.

முதலில் கால் சூடானது. எப்போதும் ஐஸ் மாதிரி இருந்த பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று கிருஷ்ணம்மாள்தான் தொட்டுப் பார்த்துச் சொன்னார். அடுத்து அவளுக்குக் கோபம் வந்தது. ஜன்னல் கதவு ஏன் தட்டிக்கொண்டே இருக்கிறது, ஜெயம் ஏன் இன்னும் கீழத் தெருவுக்கு ஓட்டுக் கேட்கப் போகவில்லை, நோட்டீஸில் தன் பேர் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று வரிசையாகச் சண்டை பிடித்தாள். "கோவம் வருதுல்ல, நல்லது. தெம்பு வந்தாத்தான் கோவம் வரும்" என்றார் டாக்டர்.

தெம்பு வந்ததும் அவள் அந்தக் கட்டிலிலேயே பிரசாரத்தைத் தொடங்கிவிட்டாள்.

ஊரிலிருந்து ஆரணிக்குப் புடவை கொடுக்க வருகிறவர்கள், நூல் வாங்க வருகிறவர்கள், சந்தைக்கு வருகிறவர்கள் எல்லோரையும் ஜெயம் ஆஸ்பத்திரிக்குத் திருப்பிவிட்டாள். வந்தவர்கள் குழாயைப் பார்த்துத் திடுக்கிட்டு நிற்பார்கள். சிலர் அழுவதற்குத் தயாராக முந்தானையைக் கையில் எடுப்பார்கள். அவள் விடமாட்டாள்.

"அழாதீங்க, குந்துங்க. இது சாப்பாடு போற வழி, அவ்ளோதான். என் குடல்ல ஓட்ட போட்டது இன்னா தெரியுமா? டாக்டரக் கேளுங்க. கெட்ட தண்ணி. நம்ம குழாய்ல வர்ற தண்ணி. நீங்களும் அதத்தான் குடிச்சிகினு இருக்கீங்க. உங்க புள்ளைங்களும் அதத்தான் குடிக்குது. இன்னிக்கு நான் படுத்திருக்கேன், நாளைக்கு யாரு படுப்பாங்க?"

இதைத் தெருமுனையில் நின்று மைக்கில் சொல்லியிருந்தால் பாதிப் பேர் காதில் விழுந்திருக்காது. மூக்கில் குழாயோடு, கை எலும்பு தெரிய உட்கார்ந்து அவள் சொன்னபோது எல்லோர் காதிலும் விழுந்தது. கேட்டவர்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தார்கள். தெருவில் அடுப்பங்கரைப் பேச்செல்லாம் இதுவாகவே இருக்கிறது என்று ஜெயம் வந்து சொன்னாள். கூட்டம் அதிகமாகிக் கிருஷ்ணம்மாள் சத்தம் போட்டார். டாக்டர் ஒரு வேளைக்கு இரண்டு பேர் என்று கட்டுப்படுத்தினார். அவர்கள் வாசல் வேப்பமரத்தடியில் வரிசை கட்டி நின்றார்கள்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கத்துக் கட்டிலில் சுப்பராயலு என்று ஒரு பெரியவர் இருந்தார். சேத்துப்பட்டுக்காரர். இடுப்பெலும்பு முறிந்து கம்பி வைத்திருந்தார்கள். சாப்பாடு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். அவருக்கும் டாக்டர் அதே பவுடரை எழுதியிருந்தார். மகன் கலக்கி வைத்துவிட்டுப் போவான், அது ஆடை படர்ந்து அப்படியே இருக்கும்.

"பெரியவரே, அதக் குடிச்சிடுங்க" என்றாள் ஸ்வர்ணலதா திரைக்கு இந்தப் பக்கமிருந்து.

"என் ஓட்டு சேத்துப்பட்டுல இருக்குதும்மா. எனக்கு எதுக்குச் சொல்ற?"

"ஓட்டுக்கு இல்ல. எனக்கு மூக்குல ஊத்தறாங்க. நீங்க வாயால குடிக்கக் கூடியவரு, குடிக்காம வெச்சிருக்கீங்களேன்னு பொறாமையா இருக்குது."

அப்புறம் டம்ளர் நகரும் சத்தம் கேட்டது. மறுநாள் அவரே மகனிடம், கட்டியில்லாமல் கலக்கு என்று அதட்டினார்.

இதற்கிடையில் ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. ஸ்வர்ணலதா பிழைக்கமாட்டாள், பவுடர் தண்ணியில்தான் உயிர் ஊசலாடுகிறது, செத்தவளுக்கு ஓட்டுப் போட்டு என்ன பயன் என்று மணவாளனின் ஆட்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கட்டில் சின்னம் வாங்கினவள் கட்டிலோடு போகப்போகிறாள் என்று ஒரு கேலி வேறு. ஜெயம் கொதித்துக்கொண்டு வந்து சொன்னாள். அன்று ஸ்வர்ணலதா யாரோடும் அதிகம் பேசவில்லை.

மறுநாள் காலை, குமரேசன் சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் நின்றது. முனியம்மா உள்ளே வந்தாள். கனத்த பட்டுப்புடவை, கையில் ஒரு கூடை. குமரேசன் எழுந்து நிற்பதா, சிரிஞ்சைப் பிடித்துக்கொண்டே இருப்பதா என்று தடுமாறினான்.

"நீ உன் வேலையப் பாருப்பா" என்றாள் முனியம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குழாயையும் அதில் இறங்குகிற வெள்ளைத் திரவத்தையும் உற்றுப் பார்த்தாள். "இது இன்னா?"

"புரோட்டீன் பவுடருங்கக்கா. பாலுல இருக்கற சத்து மாதிரி. புண்ணு ஆறதுக்கு" என்றாள் ஸ்வர்ணலதா.

"ஆறுதா?"

"டாக்டரு இன்னிக்குக் கட்டப் பிரிச்சுப் பாப்பாரு."

முனியம்மா கூடையைக் கீழே வைத்தாள். "உன்னப் பத்தி ஊர்ல இன்னா பேசறாங்கன்னு தெரியுமா?"

"தெரியும்கா."

"நான் பேசல. எங்க வீட்டு ஆளுங்க பேசறாங்க. நெஜமான்னு பாக்கத்தான் வந்தேன்." அவள் ஸ்வர்ணலதாவின் கையை எடுத்துப் பார்த்தாள். "வத்திப் போயிட்ட. ஆனா கண்ணு நல்லாருக்குது. சாவற கண்ணு இல்ல இது. நான் எங்க மாமியாருக்குப் பாத்தவ, எனக்குத் தெரியும்."

"நான் சாவ மாட்டேன்கா. உங்களத் தோக்கடிச்சிட்டுத்தான் வேற வேல."

சொன்ன பிறகு ஸ்வர்ணலதாவுக்கே பக்கென்றது. குமரேசன் கண்ணை மூடிக்கொண்டான். முனியம்மா கூடையை ஸ்டூலுக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு எழுந்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது.

"அதயும் பாக்கலாம். முட்ட வெச்சிருக்கேன், நாட்டுக்கோழி முட்ட. சாப்பிடு. இன்னிக்கு சாயந்திரம் தெருவுல நானே சொல்லிடறேன், நீ உசுரோடத்தான் இருக்கேன்னு. பொய் சொல்லி ஜெயிச்சா அந்த நாற்காலில எப்டி குந்தறது?"

அவள் போனதும் குமரேசன் பெருமூச்சு விட்டான். சிரிஞ்சில் ஊற்றியது எப்போதோ இறங்கி முடிந்திருந்தது.

அன்றைக்குக் கட்டைப் பிரித்த டாக்டர் குனிந்தவர் நிமிரவேயில்லை. ஸ்வர்ணலதா தலையைத் தூக்கப் பார்த்தாள். "இன்னா சார், மோசமா?"

"கிருஷ்ணம்மா, ஒரு கண்ணாடி எடுத்துட்டு வாங்க" என்றார் அவர்.

கை கழுவும் பீங்கான் தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் அதைச் சாய்த்துப் பிடித்தார். ஸ்வர்ணலதா தன் வயிற்றை முதன்முதலாகப் பார்த்தாள். பார்க்கப் பயங்கரமாகத்தான் இருந்தது. ஆனால் வெளிறிக் கிடந்த சதை இப்போது மாதுளை முத்து மாதிரி சின்னச் சின்னதாகச் சிவந்து மேலே எழும்பியிருந்தது.

"இந்தச் சிவப்பத்தான் நான் எதிர்பாத்துகினு இருந்தேன்" என்றார் டாக்டர். அவர் குரலில் அப்படி ஒரு குதூகலத்தைக் கிருஷ்ணம்மாள் கேட்டதில்லை. "இது புதுச் சதை. நீயே நெய்ஞ்சது. இன்னும் கொஞ்சம் மேல வரட்டும், மறுபடி தையல் போட்டு மூடிடலாம்." பவுடர் டப்பாவைக் கையில் எடுத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, இன்னொன்று வாங்கிவைக்கச் சொல்லிவிட்டுப் போனார். வராந்தாவில் அவர் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனது உள்ளே கேட்டது.

அன்று மாலை அவளுக்குப் பசித்தது. பசி என்பது எப்படி இருக்கும் என்பதையே மறந்துபோயிருந்தாள். முனியம்மாவின் முட்டையில் ஒன்றை அவித்துக் கொடுத்தார்கள், தங்கியது. இரண்டு நாளில் குழாயை எடுத்துவிட்டார்கள். இனி வாயால் குடிக்க வேண்டும். அந்த வாடைக்குக் குமரேசன் ஒரு வழி கண்டுபிடித்தான். பவுடரை முதலில் கொஞ்சம் ஆறின பாலில் குழைத்து, அதில் கெட்டி டிகாக்‌ஷனை ஊற்றி ஆற்றினான். காப்பி வாசனையில் மற்ற வாடை அமுங்கிப் போயிற்று. டாக்டர் டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "சரி, போகட்டும்" என்றார். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சுப்பராயலு தனக்கும் அதே மாதிரி வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

ஓட்டுப் போடும் நாள் வந்தது. டாக்டர் முதலில் முடியாது என்றார். அவள் கெஞ்சவில்லை, கட்டிலிலிருந்து இறங்கி, வயிற்றுக் கட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து காட்டினாள். மூச்சு வாங்கவில்லை. கிருஷ்ணம்மாள் கூடப் போக வேண்டும், ஓட்டுப் போட்டதும் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி டாக்டர் அனுப்பினார்.

வாடகை வேனில் படுக்கவைத்துக் கூட்டிப்போனார்கள். பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றபோது வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குமரேசன் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக நடந்தாள். யாரும் கைதட்டவில்லை. தேர்தல் நடக்கும் இடத்தில் சத்தம் போடக் கூடாது என்று போலீஸ்காரர் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வரிசை தானாகவே பிளந்து அவளுக்கு வழி விட்டது. பெண்கள் அவள் கன்னத்தைத் தொட்டார்கள், பிளாஸ்திரி ஒட்டியிருந்த தடத்தைத் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தி, "நடந்துகினு வந்துட்டியேடி" என்று மட்டும் சொன்னாள். வாசலுக்குப் பக்கத்தில் நின்ற முனியம்மா நகர்ந்து முன்னால் போகச் சொன்னாள்.

வாக்குச் சீட்டில் தன் பேரும் கட்டிலும் அச்சாகியிருப்பதை விரலால் தொட்டுப் பார்த்தாள். முத்திரை சரியான இடத்தில்தான் விழுந்ததா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

ஓட்டு எண்ணிய அன்று அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குமரேசன் ஒன்றிய அலுவலகத்தில் இருந்தான். ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு போன், டாக்டர் அறையில். அது அடிக்கும்போதெல்லாம் ஸ்வர்ணலதா எழுந்து உட்காருவாள். மருந்துக் கம்பெனிக்காரன், டாக்டரின் அக்கா, தப்பான நம்பர். மத்தியானம் தாண்டியது. சாப்பாடு இறங்கவில்லை. கிருஷ்ணம்மாள் டம்ளரை நீட்டி, "ஜெயிச்சாலும் தோத்தாலும் இதக் குடிச்சே ஆகணும்" என்றார். பாதி குடித்திருந்தபோது போன் அடித்தது. டாக்டரே எடுத்தார். கேட்டுக்கொண்டேயிருந்தார். அவர் முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

"இரண்டாவது தடவ எண்ணினாங்களாம்" என்றார், வாசலுக்கு வந்து. "ரொம்ப கிட்டத்துல இருந்ததாம்."

"சொல்லுங்க சார்."

"ஜெயிச்சிட்ட."

ஸ்வர்ணலதா டம்ளரைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தாள். திரையை விலக்கி சுப்பராயலு எட்டிப் பார்த்தார். கிருஷ்ணம்மாள் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். டாக்டர் எதற்கோ சட்டைப் பையில் தேடி, ஒன்றும் கிடைக்காமல், "மீதியக் குடி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பதவிப் பிரமாணத்துக்கு முன்பே புண்ணைத் தைத்து மூடிவிட்டார்கள். இந்தத் தடவை தையல் பிரியவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் அவள் காலையிலும் மாலையிலும் காப்பி கலந்த அந்தப் பவுடரைக் குடித்தாள். முட்டையும் பருப்பும் வேர்க்கடலையுமாகக் குமரேசன் திணித்தான்.

பதவியேற்கும் நாளன்று காலை, அந்த விழாவுக்கென்று எடுத்துவைத்திருந்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். முதுகில் இழுத்தது. கைக்குள் தோள் நுழைய மறுத்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது இளைத்த உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த ரவிக்கை. ஜெயம் கத்தரியைக் கொண்டுவந்து, அவள் போட்டிருக்கும்போதே பக்கத் தையலைப் பிரித்துவிட்டாள்.

"மூச்சு விடு பாக்கலாம்."

ஸ்வர்ணலதா மூச்சை இழுத்து விட்டாள். வலிக்கவில்லை. வாசலில் நேரமாகிவிட்டது என்று குமரேசன் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். குழாய் மாற்றச் சொல்லி முதல் கூட்டத்திலேயே என்ன பேசுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடி, அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள்.